மஞ்சத்துணியார் டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்திய படலம்

வாழ்க மஞ்சத்துணியார்! தண்ணீர் வரி அலுவலகத்தின் மூன்றாம் சன்னலில் முத்திரை குத்திக் குத்தியே வலக்கை முறுக்கேறிய திண்தோள் வீரர். ஆறு திங்களுக்கு முன் வந்திறங்கிய குட்டி எஸ்யூவி ஒன்றின் ஏகபோகச் சக்கரவர்த்தி. அதன் இருக்கைகளில் ஆலைக்காரன் மாட்டிய பாலிதீன் உறையை இன்றளவும் ஒருவரையும் கழற்றவிடாத விரதசீலர். விடிந்ததும் மஞ்சள் துணியும் கையுமாய் இறங்கி, கதவு கண்ணாடி கைப்பிடி என்று ஒன்றுவிடாமல் துடைத்துத் துடைத்து, தெருவாரிடம் அந்தப் பெயரையே விருதாக வாங்கிக்கொண்ட பளபளப்புப் பெருமான், வாழ்க! வண்டியோடு வந்த கையேட்டை, அழுக்காகிவிடுமே என்று அஞ்சி, உறையைக்கூடக் கிழிக்காமல் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் துயிலவிட்டவர் அவர். பானட்டின் மேற்புறம் அவருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி. அடிப்புறமோ, ஆள் நுழையாப் பெருங்கானகம்.

இத்தகையவருக்கும் ஒரு போர் வாய்த்தது.

அவர் மனைவி தையல்காரி. படுக்கையறை மூலையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே முழங்கால் இடிக்க உட்கார்ந்து பதினெட்டு வருடம் தைத்தவள், இப்போதுதான் நாலு தெரு தள்ளி ஒரு சந்துக்குள் பட்டறைக்கு இடம் பிடித்திருந்தாள். ஒரு மருத்துவமனையின் செவிலியர் சீருடை அத்தனையும் தைக்கும் வேலை அவள் வாசல்வரை வந்து நின்றது. ஆனால் அந்த மருத்துவமனை மேற்பார்வை அம்மாள் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு நேரில் வருவார். அப்போது மூன்று மோட்டார் மிஷின்களும் துணி வெட்டும் மேசையும் பட்டறைக்குள் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் வேலை வேறு கடைக்கு.

"ஒரு குட்டி லாரி சொல்லிடலாங்க" என்றாள் அவள்.

கேட்டதும் கடல் பொங்கிற்று, மலை குமுறிற்று, மஞ்சத்துணியார் எழுந்து நின்றார்.

"லாரியா? வாசலிலே சிங்கம் நிற்கையில் வாடகைக் குதிரையா? கொக்கி மாட்டுவேன், டிரெய்லர் பூட்டுவேன், உன் மிஷின்களைப் பட்டறை வாசற்படியிலேயே கொண்டுபோய் இறக்குவேன்! இது சத்தியம்!"

"சத்தியமெல்லாம் சரி. நாலு மணிக்குள்ள போயிடுமா?" என்றாள் அவள்.

டிரெய்லரை இரவல் கொடுத்து, வண்டிக்குப் பின்னால் கொக்கியும் பொருத்தித் தந்தவர் மூலைக்கடை மெக்கானிக். போர்க்களம் புகும் மன்னனுக்கு மந்திரி சொல்வதுபோல அவர் சொன்னார்: "அண்ணே, காதுல வாங்கிக்கோங்க. சுமை இழுக்கறதுக்கு முன்னாடி டயர்ல காத்து பாருங்க. இஞ்சின் ஆறியிருக்கறப்போ கூலன்ட் தண்ணி எவ்ளோ இருக்குன்னு பாருங்க, டப்பாவுல இருக்கற கோட்டுக்குக் கீழ போயிருந்தா ஊத்துங்க. கனமான சாமானெல்லாம் டிரெய்லர் சக்கரத்துக்கு மேலயும் கொஞ்சம் முன்னாலயும் வரணும், கடைசில வைக்காதீங்க. பின்னால எடுக்கறப்போ ஸ்டியரிங்கை அடியில பிடிங்க. புரியுதா?"

புரியாமல் என்ன? நம் வீரர் தலையசைத்துக்கொண்டே கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மதியம் படை திரண்டது. சரக்குக் கிடங்கில் மூட்டை சுமந்து தோள் காய்த்துப்போன மைத்துனர் வந்தார். இரும்பு உடல்கொண்ட மிஷின்கள் மூன்றும் ஏறின. இறுதியாக, யானைக்குட்டியொத்த வெட்டுமேசை. முதலில் இறங்க வேண்டியது அதுவே, ஆகையால் அது வாலிலேயே அமர்க என்று ஆணை பிறந்தது.

"மாமா, கனத்தை வாலுல வச்சா முன்பக்கம் தூக்கிக்கும். ரோட்டுல ஆடும்" என்றார் மைத்துனர்.

"மாப்ளே, நீ மூட்டையைத் தூக்கு. மூளையை நான் பாத்துக்கறேன்."

மைத்துனர் அக்காளைப் பார்த்தார். அக்காள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு.

புறப்பட்டது தேர். முதல் தெரு முடியுமுன்பே பின்னால் டிரெய்லர் இடமும் வலமுமாய், பாம்பாட்டி முன் படமெடுத்த நாகமென ஆடிற்று. அது ஆட வண்டியின் பின்புறம் ஆடிற்று. வண்டி ஆட ஸ்டியரிங் ஆடிற்று. ஸ்டியரிங் ஆட, மூன்றாம் சன்னலில் எத்தனை கூட்டம் நெரித்தாலும் அசையாத அந்த வலக்கையும் ஆடிற்று. எதிரே வந்த பால்காரர் சைக்கிளோடு நடைபாதையில் ஏறி நின்று, வீரரின் பரம்பரையையே விசாரித்தார். வண்டி ஓரங்கட்டப்பட்டது. மைத்துனர் கயிற்றை அவிழ்த்து, எல்லாவற்றையும் இறக்கி, மேசையைச் சக்கரத்துக்குச் சற்று முன்னே ஏற்றி, மறுபடி இறுக்கிக் கட்டினார். தோளைத் தேய்த்துக்கொண்டு, "இப்ப மூளை போலாம்" என்றார்.

சந்துக்குள் நுழைந்தபோது மணி மூன்றேகால்.

அந்தச் சந்தின் தன்மை கேளீர்! இருபுறமும் மதில் நெருங்க, ஒரு வண்டி போனால் ஒரு பூனை ஒதுங்கத்தான் இடமுண்டு. பட்டறையின் கேட் பக்கவாட்டில் இருந்தது. டிரெய்லரைக் காட்டிலும் இரண்டு சாண் மட்டுமே அகலம். உள்ளே முற்றமோ சிறிது. தலையை நுழைத்தால் திருப்ப வழியில்லை. ஆகவே டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்த வேண்டும்.

"இங்கயே இறக்கித் தூக்கிட்டுப் போயிடலாம் மாமா."

"வாசற்படி என்றேன். வாசற்படிதான்!"

முதல் படையெடுப்பு. கேட் வலப்புறம் இருந்தமையால் வீரர் ஸ்டியரிங்கின் உச்சியைப் பற்றி வலப்புறம் திருப்பினார். மதங்கொண்ட களிறு பாகனுக்கு எதிர்த்திசை ஏகுமாபோலே, டிரெய்லர் இடப்புறம் சென்று எதிர்வீட்டு மதிலை முத்தமிட்டது. மாடிகளில் தலைகள் முளைத்தன. ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, பிழிவதை நிறுத்திவிட்டு, "யாருங்க சொன்னது அங்க கேட் இருக்குன்னு?" என்று விசாரித்தாள்.

இரண்டாம் படையெடுப்பு. டிரெய்லர் பொய்யுரைக்கும் பகைவன் என்று தெளிந்த வீரர், இம்முறை இடப்புறம் திருப்பினார். அது கேட்டை நோக்கித் திரும்பவே, வென்றேன் என்று மேலும் திருப்பினார். மேலும் மேலும் திருப்பினார். டிரெய்லர் முழங்காலை மடக்குவதுபோல மடங்கி, வண்டியின் பக்கவாட்டில் வந்து, கண்ணாடி வழியே வீரரின் முகத்தையே எட்டிப் பார்த்தது. அங்கே ஒரு மிஷினும் அவரும் நேருக்கு நேர் நோக்கினர்.

மணி மூன்றரை. தையல்காரி பட்டறைத் திறவுகோலை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

அவர் கிரீஸ் கையோடே ஓடிவந்தார். "அண்ணே, மேல பிடிக்காதீங்க! அடியில பிடிங்க! கையை எந்தப் பக்கம் நகத்தறீங்களோ டிரெய்லர் அந்தப் பக்கம் போகும். முதல்ல முன்னால போய் நேராக்குங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா."

மூன்றாம் படையெடுப்பைப் பாட நா ஆயிரம் போதா. வீரர் முன்னேறி நேராக்கினார். ஸ்டியரிங்கின் அடியைப் பற்றினார். கையை வலப்புறம் ஒரு விரற்கடை நகர்த்தினார். அதிசயம்! டிரெய்லர் வலப்புறம் வந்தது! நகர்த்தினார், வந்தது! கேட்டின் இரு தூண்களுக்கும் நடுவே, மாப்பிள்ளை மண்டபம் புகுவதுபோல, அதன் வால் நுழைந்தது. மாடிகள் ஆர்ப்பரித்தன, ஈரத்துணி அம்மாள் கைதட்டினாள், வீரரின் மீசை இரண்டங்குலம் உயர்ந்தது.

அக்கணமே, ஆறு மாதமாய் யாரும் எட்டிப்பாராத அந்தக் கானகத்திலிருந்து, சுமையும் இந்த முன்பின் நடையும் தாளாது தவித்த இஞ்சின், தன் கடைசிச் சொட்டுக் கூலன்ட்டையும் ஆவியாக்கி, யாகப்புகையென வெண்ணிறமாய் எழுப்பிற்று. டாஷ்போர்டில் செவ்விளக்கு சினந்தது. வண்டி நின்றது, சந்தை அடைத்துக்கொண்டு. டிரெய்லர் நின்றது, கேட்டில் பாதியாய். வீரர் பாய்ந்திறங்கி, துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பானட்டைத் தூக்கி, கொதிக்கும் கூலன்ட் மூடியை நோக்கிக் கை நீட்டினார்.

"தொடாதீங்க! கை வெந்துரும்! அரைமணி ஆறட்டும், அப்புறம்தான் மூடியத் தொறக்கணும்!" என்று மெக்கானிக் தோளைப் பிடித்து இழுத்தார்.

அரைமணி! மணி மூன்றே முக்கால். ஆயினும் தளர்ந்தாரோ நம் தலைவர்? புகை சூழ, வியர்வை பெருக, சந்தின் நடுவே நிமிர்ந்து நின்று, வானும் மண்ணும் மாடிவாசிகளும் கேட்க முழங்கினார்: "ஆறட்டும் இஞ்சின்! ஆறாது என் சினம்! நான்காம் படையெடுப்பும் உண்டு, ஐந்தாம் படையெடுப்பும் உண்டு. சூரியன் சாய்ந்தாலும் சாய்க, இந்தச் சக்கரம் அந்த வாசற்படியைத் தீண்டாமல் இவ்விடம் விட்டு அகலேன்!"

அம்முழக்கத்தின் எதிரொலி மதிலில் மோதி, மாடியில் மோதி, எண்திசையும் சென்று திரும்பி வரும்வரை காத்திருந்து, பதினெட்டு வருடத்துப் பொறுமையும் ஒருங்கே திரண்டவளாய், திறவுகோலை இடுப்பில் செருகி, முந்தானையை இழுத்துக் கட்டி, படைத்தலைவி முன்னே நடந்து வந்து டிரெய்லரின் மேல் கை வைத்தாள்.

"ஏங்க, இத கழட்டுங்க."

கொக்கியைக் கழற்றி, நாலு பேருமாய்க் கையால் தள்ளி டிரெய்லரை உள்ளே விட்டு, மிஷின்களையும் மேசையையும் பட்டறைக்குள் இறக்கினார்கள். நாலு மணிக்கு மருத்துவமனை அம்மா வந்து பார்த்துவிட்டு வேலையைக் கொடுத்துவிட்டுப் போனார்.