சிவப்புப் பொட்டு வைத்த கோப்பைகள்

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் நான் அநீதியை எதிர்த்து எழுந்து பேசியிருக்கிறேன். அன்றைக்குப் பார்த்து அங்கே அநீதி இருக்கவில்லை.

அறுபதுகளில், பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்கரையூர் ஒன்றிலிருந்து வலிகாமத்தில் ஒரு கல்லூரி விடுதிக்குப் படிக்கப் போனேன். ஐயா மற்றவர்களின் மீன்பிடி வள்ளத்தில் கூலிக்குப் போகிறவர். கல்லூரி எனக்கு இலவச இடம் தந்திருந்தது. புகுமுக வகுப்பு; வயது பதினேழு; சொந்தமாக இரண்டு வெள்ளைச் சட்டை, பேச்சுப் போட்டிப் பரிசு ஒன்று.

விடுதியில் யாரும் என்னை நேரே எதுவும் சொன்னதில்லை. சொல்லாததையெல்லாம் நானே கேட்டுக்கொண்டேன். நான் அறைக்குள் போனதும் பக்கத்துக் கட்டில்காரன் யன்னலைத் திறந்தால், என் பெட்டியிலிருந்த கருவாட்டுக்காகத்தான் என்று முடிவுகட்டுவேன். (அவனுக்கு வெக்கையாகவும் இருந்திருக்கலாம். இன்றைக்கும் தெரியாது.) நாளுக்கு இரண்டு தரம் குளித்து, கழுத்து வெளுக்கப் பவுடர் பூசிக்கொண்டு திரிந்தேன். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்மையாகவே சிரித்தார்கள்.

ஒருநாள் தேநீர் குடித்து முடித்தபின் என் எனாமல் கோப்பையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சிவப்பு மையால் ஒரு பொட்டு. பக்கத்தவன் கோப்பையில் இல்லை. தட்டில் கவிழ்த்து வைத்திருந்தவற்றைப் போய்ப் பார்த்தேன். மொத்தம் ஆறு பொட்டுகள். கைப்பிடி இலக்கங்களைப் பார்த்தால், ஆறும் இலவச இடத்துப் பிள்ளைகளுடையவை. ஒன்று என் கூட்டாளி, குருநகர் அந்தோனியுடையது.

எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் சிலருக்குக் கோப்பை கொடுக்கமாட்டார்கள், போத்தலில்தான் ஊற்றிக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. யாரிடமும் கேட்கவுமில்லை. தேநீரை நிறுத்தினேன். நித்திரை போயிற்று. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதிலாகப் பொட்டுத்தான் தெரிந்தது. தவணைச் சோதனையில் எப்போதும் முதலாவதாக வருகிறவன் பதினொன்றாவதாக வந்தேன். அதையும் அந்தப் பொட்டின் கணக்கில் சேர்த்தேன்.

விடுதி விருந்தன்று பெற்றோர்களும் வந்திருந்தார்கள். சோறு பரிமாறி முடியும் நேரம் நான் கோப்பையோடு, அதுவரை உட்கார்ந்திருந்த வாங்கில் ஏறி நின்றேன்.

"பெரியோர்களே! இவ்விடுதியில் ஏற்றத்தாழ்வு செந்நிறத்தில் தீட்டப்பட்டிருக்கிறது!"

(சத்தியமாக இப்படித்தான் தொடங்கினேன்.) பொட்டைக் காட்டினேன். ஆறு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாக, அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன். சபை அசையவில்லை. என் பேச்சின் வலிமை என்று நினைத்தேன்.

சமையற்காரர் ஆறுமுகம் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"தம்பி, அது பால் கூடுதலா விடுற கோப்பையடா. விடுதி மாஸ்டர் தன்ரை வீட்டு மாட்டிலை கறந்து கொண்டுவாறவர். உங்கள் ஆறு பேருக்கும் உடம்பு தேறட்டும், ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவர்."

எங்கள் வீட்டில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர்தான் குடிப்போம். பால் கூடினால் எப்படி இருக்கும், குறைந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு எங்கே தெரியும்?

விடுதிக்குப் பொறுப்பான மாஸ்டர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சரி, எல்லாரும் சாப்பிடுங்கோ, சோறு ஆறப்போகுது" என்றார். வாங்கிலிருந்து இறங்கும்போது காலிடறிப் பருப்புச் சட்டிக்குள் கை வைத்தேன். அதற்குத்தான் சபை சிரித்தது.

மறுநாள் பொட்டுகளை அழித்துவிட்டார்கள். அந்தப் பாலை எல்லோருடைய தேநீரிலும் கலந்தார்கள்; அது ஒருவர் நாக்கிலும் தெரியாமல் போயிற்று. எங்கள் ஆறு பேருக்கும் 'பால்குடியள்' என்று பெயர் விழுந்தது. ஐந்து பேர் யாருக்கும் தெரியாமல் ஏழைகளாக இருந்தார்கள். நான் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டேன்.

விருந்துக்கு மறுநாள் பின்னேரம் கிணற்றடியில் அந்தோனி சட்டை தோய்த்துக்கொண்டிருந்தான். நான் போய் நின்றேன்.

"எனக்கு முதலே தெரியும்," என்றான். "ஆறுமுகம் அண்ணை பால் விடுறதைக் கண்டனான்."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ குடிக்கமாட்டாய்."

சட்டையைப் பிழிந்து உதறிவிட்டுப் போனான். லீவு முடிந்து நான் திரும்பியபோது அவன் கட்டிலில் வேறொருவன் இருந்தான். தகப்பனோடு கடலுக்குப் போகிறான் என்றார்கள். அந்தப் பட்டப்பெயர் தாங்காமலா, வீட்டு நிலைமையாலா என்று போய்க் கேட்டிருக்கலாம். குருநகர் ஒன்றும் பஸ் போகாத ஊரல்ல. போகவில்லை.

இன்றைக்கும் கல்யாண வீட்டில் எங்களை யாராவது கடைசிப் பந்தியில் இருத்தி, நான் தொண்டையைச் செருமினால் போதும், என் மகள் அம்மாவிடம் சொல்வாள்: "அப்பா வாங்கிலை ஏறப்போறார், பருப்பைத் தள்ளி வையுங்கோ."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கதையைச் சொல்லச் சொல்லி மருமக்கள் கேட்பார்கள், சொல்வேன். பருப்புச் சட்டியோடு நிறுத்திக்கொள்வேன். அந்தோனி என்று ஒருவன் இருந்தது என் வீட்டில் யாருக்கும் தெரியாது.