ஐந்து மூடிகளின் சீர்வரிசை

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, வாய் திறக்காமல் யோசிக்கத் தெரியாத ஒரே பெண் மைக்செட்தான். ஆய்வக நுட்பப் படிப்பில் என் விடுதி அறைத்தோழி. அவள் அப்பா கச்சிராயபாளையத்தில் மைக்செட் வாடகைக்கு விடுபவர். விசேஷ வீடுகளில் அறிவிப்பு இவள் பொறுப்பு; பட்டப்பெயரும் அப்படித்தான் வந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய காதணி விழாவில் எந்த அத்தை எத்தனை சீர்த்தட்டு கொண்டுவந்தார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ரத்தத்தை எந்தக் குழாயில் முதலில் எடுக்க வேண்டும் என்று கேட்டால் மட்டும் ஜன்னலைப் பார்ப்பாள்.

குழாய்கள் ஐந்து. மூடிகள் வரிசையாக: வெளிர்நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல். வரிசை தப்பினால் ஒன்றின் மருந்து அடுத்ததில் ஒட்டி, பரிசோதனை பொய் சொல்லும். செய்முறைத் தேர்வில் இதைச் சொல்லத் தெரியாமல் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தாள். “இந்தத் தபாவும் ஊத்திக்கினா படிப்பு போதும், கடைக்கு வந்துடு” என்று அப்பா சொல்லிவிட்டார்.

நான் பட்டியல் எழுதிக் கண்ணாடியில், வாளியில், அவள் தலையணை உறையில் ஒட்டினேன். அதனால் அவளுக்கு நான் ‘லிஸ்ட்டு’.

“லிஸ்ட்டு, இதெல்லாம் மளிக சீட்டு மாரி கீது. மனசுல நிக்கல.”

“ஆசையா படிச்சா மூளையில டோபமின் சுரக்கும்டி. அப்பதான் ஞாபகம் சேர்ற இடம், இது முக்கியம்னு புடிச்சு வச்சுக்கும்.”

“அப்படீன்னா என் கையில மைக்கு குடு. தன்னால சொரக்கும்.”

அன்றே குழாய்கள் உறவினர்களாகிவிட்டன. வெளிர்நீலம் தாய்மாமன்; அவருக்கு முன்னால் யாரும் சபைக்குள் வரக்கூடாது. சிவப்பு பெரிய அத்தை. பச்சை சித்தப்பா. ஊதா, சண்டைக்காரச் சின்ன அத்தை. சாம்பல், மலையிலிருந்து கடைசி பஸ்ஸில் வரும் ஒன்றுவிட்ட அண்ணன். குளியலறையிலிருந்து தினமும் அறிவிப்பு முழங்கியது. வார்டன் இரண்டு முறை திட்ட வந்தார். இரண்டாம் முறை, “சாம்பல் வந்துட்டாரா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரமே வடக்கனந்தலில் ஒரு காதணி விழா. சீர் வரும் நேரம், பழக்க தோஷத்தில் மைக்கில் முழங்கினாள்: “அடுத்து வருவது ஊதா! வழி விடுங்க!” ஊதாப் புடவை கட்டிய ஒருவர் தட்டோடு முந்திவிட்டார். பின்னால் நின்ற தாய்மாமன் கோபித்துக்கொண்டு வேனில் ஏறினார். அவரை இறக்க அரை மணி நேரமும் மூன்று சோடாவும் ஆயின.

“பாத்தியா! வரிச தப்புனா இன்னா ஆவுதுன்னு!” என்றாள். வெட்கமே இல்லை, முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

தேர்வன்று ஆஸ்பத்திரி ஆய்வகத்தில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“குழாய் வரிசையைச் சொல்லும்மா.”

மைக்செட் ஜன்னலைப் பார்த்தாள். வாசலில் என் முறைக்காக நின்ற நான் எட்டிப் பார்த்தேன்.

“மேடம், எழுந்து நின்னு சொல்லட்டுங்களா?”

எழுந்தாள். காலிச் சோதனைக் குழாயை வாயருகே பிடித்தாள். “ஹலோ, ஹலோ! பெரியோர்களே! முதலாவதாக, வெளிர்நீலத் தாய்மாமன் வந்துகொண்டிருக்கிறார்...” ஐந்து பேரும் வரிசை பிசகாமல் வந்து சேர்ந்தார்கள். வராந்தாவில் நின்ற நோயாளிகள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

“ஊதா, சிவப்புக்கு முன்னாடி வந்துட்டா?”

“சபையே நாறிடும் மேடம். பொட்டாசியம் பொய்யா ஜாஸ்தியாவும், கால்சியம் கம்மியா காட்டும்.”

“உட்காரும்மா, காது அடைச்சுப்போச்சு” என்றார் அவர், சிரிப்பை அடக்க முடியாமல்.

இன்று கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் ரத்தம் எடுக்கிறாள். முடிவு வந்த நாளன்று, பலகையில் அவள் எண்ணைக் கண்டதும் செருப்பைக்கூட மாட்டாமல் அறைவரை ஓடினேன். எனக்கும் ஒரு எண் உண்டு என்பது சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.