உப்பு கூடிப்போனது உண்மைதான்

ஹேனாம்,
நவம்பர் 5

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

கேட்காமல் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்களும் அம்மாவும் பேசி ஆறு வருடமாகிறது. பெரியவர்கள் பேசாமல் இருக்கும் இடத்தில் சின்னவள் நடுவில் புகுந்து பேனாவைத் தூக்குவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. நேரில் என்றால் எனக்கு வாய் திறக்காது. நான் வேலை பார்க்கும் நூலகத்தில் சத்தம் போடுகிறவர்களைக்கூட நான் அதட்டுவதில்லை. 'அமைதி' என்று எழுதிய பலகையை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் நின்றுகொள்வேன். அதனால்தான் கடிதம். பயப்படாதீர்கள், இதில் கோரிக்கை எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே இன்சியோனில், பதினான்காவது மாடியில், நீங்களும் அண்ணனும் அண்ணியும் உங்கள் முழங்கால்களும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன், வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்குக் குழம்பிவிடும். ஆறு வருடத்துக்கு முன்னால் சபையில் குளிர்காலத்துக்குக் கோஸை ஊறவைத்துக் கிம்ச்சி போடும் நாள். நானூறு கோஸ். முந்தின இரவு உப்புப் போட்டது அம்மா. காலையில் நீங்கள் வந்து ஒரு கோஸை எடுத்துத் தண்டை வளைத்துப் பார்த்து, ஒரு கடி கடித்து, சபைப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும், "சுன்னிம், நீ கோசுக்கு உப்பு போட்டியா, இல்ல உப்புக்குள்ள கோச போட்டியா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா கையிலிருந்த சிவப்பு ரப்பர் உறைகளைக் கழற்றித் தொட்டிக்குள் போட்டுவிட்டு, "அப்ப நீயே போட்டுக்க" என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த மாதம் நீங்கள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினீர்கள். பேருந்து நிலையத்தில் நீங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சுவரில் இருந்த கால அட்டவணையையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த அட்டவணை முழுவதும் எனக்கு மனப்பாடம்.

உங்களுக்குத் தெரியாதது இனிமேல்தான் வருகிறது. நீங்கள் போன பிறகு வருடாவருடம் அம்மாதான் உப்புப் போட்டாள். ஒரு பிடி குறைத்தால்கூட நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரி என்று ஆகிவிடும் அல்லவா? அதனால் குறைக்கவே இல்லை. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து சபையோடு உட்கார்ந்து சாப்பிடும்போது போதகர் பாங் எழுந்து நின்று, "தேவன் நல்லவர்!" என்பார். நாங்கள் எல்லோரும் "எப்போதும்!" என்போம். சொல்லி முடித்ததும் எண்பது கைகள் ஒரே நேரத்தில் தண்ணீர்க் குவளையைத்தான் தேடும். விசுவாசிகள் உலகத்துக்கு உப்பாக இருக்கவேண்டும் என்று ஒருமுறை அவர் பிரசங்கித்தபோது, சபை முழுவதும் மெதுவாகத் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். பாராட்டு என்று நினைத்துவிட்டாள்.

அந்த 'எப்போதும்' எனக்கு முழுத் தொண்டையில் வந்ததில்லை, பெரியம்மா. முழுக்க முழுக்க நல்லவர், குறையே இல்லாத நல்லவர் என்றால், அக்கா தங்கை இரண்டு பேரைப் பேசவைப்பது அவருக்குப் பெரிய வேலையா? வானத்தையும் பூமியையும் ஆறு நாளில் முடித்தவருக்கு உங்கள் இரண்டு பேருக்கு ஆறு வருடம் போதவில்லையா? இதை யாரிடமும் கேட்டதில்லை. உங்களிடம்தான் முதல்முறை கேட்கிறேன்.

விடியற்கால ஜெபம் நம் சபையில் தினமும் உண்டுதானே, இந்த அக்டோபரில் இருபத்தொரு நாள் விசேஷ ஜெபம் தொடங்கியது. காலை ஐந்து மணி. முதல் நாளே சபையின் தரையைச் சூடாக்கும் இயந்திரம் வேலை செய்யவில்லை. மூப்பர் மோக் தன் மிளகாய்த் தோட்டத்துப் பசுமைக்குடிலில் இருந்த பெரிய எண்ணெய்ச் சூடேற்றியைக் கொண்டுவந்து வைத்தார். அது சூடும் தரும், விமானம் கிளம்புகிற சத்தமும் தரும். இரண்டாம் நாள் அதே மூப்பர் சபை வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும்போது பனியில் பாதை தெரியாமல் கோஸ் வயலுக்குள் இறங்கிவிட, உள்ளே இருந்த ஒன்பது பேரும் அங்கேயே ஜெபத்தை முடித்துக்கொண்டு, வேனைத் தள்ளி, சேறும் துதியுமாக வந்து சேர்ந்தார்கள். மூன்றாம் நாள் சூடேற்றியோடு போட்டி போட்டுக் கத்தியதில் போதகருக்குத் தொண்டை போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது. பிரசங்கம் மூப்பர்மேல் விழுந்தது, மணி என்மேல் விழுந்தது.

மணி என்றால் உங்களுக்குத் தெரியும், பிரசங்க மேடைமேல் இருக்குமே, உள்ளங்கையால் தட்டினால் 'டிங்' என்கிற சின்ன மணி. எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிக்கிறபோது, போதும் என்று நிறுத்துவதற்கு அது ஒன்றுதான் வழி. அதைத் தட்ட ஏன் நான்? சபையிலேயே கல்லூரி முடித்தவள் நான் ஒருத்தி. மைக் கரகரத்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். மருந்துச் சீட்டு புரியாவிட்டால் என்னைக் கூப்பிடுகிறார்கள். மூப்பரின் ஆடு குட்டி போட முடியாமல் தவித்தபோதும், "காலேஜ் படிச்ச புள்ளதான, வந்து பாரும்மா" என்று கூப்பிட்டார்கள். நான் படித்தது நூலக இயல் என்று எத்தனை தடவை சொல்வது? போய் நின்றேன். ஆடு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே குட்டி போட்டுக்கொண்டது.

உரத்த ஜெபம் எனக்கு எப்போதும் சௌகரியம். எண்பது பேர் ஒன்றாகக் கூவும்போது யார் என்ன சொல்கிறார்கள் என்று யாருக்கும் கேட்காது. வாய் வராத நாட்களில் நான் நூலக அலமாரி எண்களைச் சொல்லி உதட்டை அசைத்திருக்கிறேன். கர்த்தர் அடுக்கி வைத்துக்கொள்ளட்டும். அம்மா என்ன ஜெபிக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தில் எப்படித் தெரியும்?

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வலது காது கேட்பதில்லை. இது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்பது கட்டளை. உங்களிடம் சொன்னது தப்பா? நீங்கள் என்ன, வீட்டுக்கு வெளியேயா?

பதினான்காம் நாள். அம்மா வழக்கமான இடத்தில், சுவரோரம். யாரோ சூடேற்றியை அவளுடைய இடது பக்கமாக நகர்த்தி வைத்திருந்தார்கள். நான் மேடையில். ஜெபம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. என் கைக்கடிகாரம் வேகமாக ஓடியிருக்க வேண்டும். நேரமாகிவிட்டது என்று நினைத்து மணியைத் தட்டிவிட்டேன். நான்கு நிமிடம் முன்னதாக. 'டிங்.' எல்லோரும் கத்தரித்ததுபோல் நிறுத்தினார்கள். ஒரு குரல் நிற்கவில்லை. வலது காதில் மணி விழவில்லை, இடது காதில் சூடேற்றியைத் தவிர வேறு எதுவும் விழவில்லை, கண் மூடியிருந்தது. அம்மா சூடேற்றியையும் மீறித் தனியாகக் கூவிக்கொண்டிருந்தாள்:

"...ஒமக்குத் தெரியாததா கர்த்தாவே! அந்த வருஷம் உப்பு கூடித்தான் போச்சு! மூட்டைய கவுத்தும்போதே எனக்குத் தெரியும். எங்க அக்கா சொன்னது சரிதான். ஆனா அத்தன பேரு முன்னால சொன்னா பாத்தீரா, அதான்! நான் போயி அவகிட்ட சொல்லமாட்டேன், எனக்கு வாய் வராது. நீரே சொல்லிடும். நீர் நல்லவரு, நீர் சொன்னா கேப்பா. அவ முட்டிவலிக்கு எதாவது செய்யும். பதினாலு மாடியாமே, லிப்டு நின்னுபோனா எப்படி எறங்குவா? அந்த லிப்ட பாத்துக்கும். எறால் வந்து சேந்துச்சு, நல்லாருந்துச்சுன்னும் அப்படியே சொல்லிடும்!"

இறால் விஷயம் இதுதான். ஒவ்வொரு நவம்பரிலும் உப்பிட்ட இறால் ஒரு டப்பா தபாலில் வருகிறது. அம்மா முகவரிச் சீட்டை யாரும் பார்ப்பதற்குள் கிழித்துவிட்டு, "கர்த்தர் அனுப்புனாரு" என்பாள். கர்த்தருக்கு இன்சியோனில் ஒரு மீன் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது என்று நானும் பேசாமல் இருந்துவிடுவேன்.

முதலில் வாய் திறந்தது சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் ஒக்புன் அத்தை. "ஆமென்!" என்று ஒரு போடு போட்டாள். அப்புறம் எண்பது பேரும், "ஆமென்!" ஜன்னல் அதிர்ந்தது. அது சூடேற்றியையும் தாண்டி அம்மா காதுக்குப் போய்விட்டது. கண்ணைத் திறந்தாள். சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடிவிடுவாள் என்று நினைத்தேன் பெரியம்மா. மறுபடியும் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று. என் கை மணிமேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா எழுந்தாள். ஆடையைச் சரிசெய்துகொண்டாள்.

"எல்லாருக்கும் கேட்டாச்சுல்ல?" என்றாள். "சரி. உப்பு கூடித்தான் போச்சு. அதுக்கு இப்ப என்னங்குறீங்க?"

"அந்த வருசம் மட்டுமா?" என்றார் மூப்பர் மோக் பின்னாலிருந்து.

"என்னது?"

"இல்ல தங்கச்சி, ஆலயத்துக்குள்ள நின்னு பொய் சொல்லக்கூடாது பாரு. ஆறு வருசமும் கூடித்தான் போச்சு. எங்க பங்குக்கு வந்த கிம்ச்சிய நான் மூணு தண்ணியில கழுவித்தான் தின்னேன்."

"மூணா? நான் அஞ்சு" என்றாள் ஒக்புன் அத்தை. "பெறகு ராத்திரி பூரா ஊறவும் வெப்பேன்."

பிறகு வரிசையாக எல்லோரும் அறிக்கை செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். இருபத்தொரு நாளில் அப்படி ஒரு பாவ அறிக்கை நடக்கவேயில்லை. கழுவியவர்கள், பிழிந்தவர்கள், சூப்பில் போட்டுவிட்டு வேறு உப்பே சேர்க்காதவர்கள். போதகர் பாங் ஒரு தாளில் எதையோ எழுதி என்னிடம் நீட்டினார். படிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். எண்பது பேர் முன்னால், வாழ்நாளில் முதல்முறையாக, நான் சத்தமாகப் படித்தேன்: "எங்கள் வீட்டிலும் கழுவித்தான் சாப்பிட்டோம். என்னையும் மன்னியுங்கள்."

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஆறு வருசமா கழுவியா தின்னீங்க? ஒருத்தருக்காவது சொல்ல வாய் வந்துச்சா?"

"சொன்ன ஒருத்திய தான் ஊரவிட்டே அனுப்பிட்டியே!" என்றாள் ஒக்புன் அத்தை.

அம்மா சிரித்தாள் பெரியம்மா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சபையும் சிரித்தது. தொண்டை இல்லாத போதகர் சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மூப்பர் எழுந்து, "தேவன் நல்லவர்!" என்றார். 'எப்போதும்!' என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டது ஒரு குரல். யாருடையது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். என்னுடையதுதான்.

நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். நீங்கள் சிரிக்காமல் கேட்கவேண்டும். ஆறு வருடம், ஒரு நாள் தவறாமல், காலை ஐந்து மணிக்கு ஒருவர் ஒரே உப்புக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். 'சுன்னிம், இதை நேற்றே சொல்லிவிட்டாய்' என்று ஒருநாளும் சொல்லவில்லை. முதல்முறை கேட்பதுபோலக் கேட்டிருக்கிறார். நடுவில் லிப்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். சீக்கிரம் முடித்துவைப்பதுதான் நன்மை என்று நான் நினைத்திருந்தேன். சலிக்காமல் கேட்பது எவ்வளவு பெரிய நன்மை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நானென்றால் இரண்டாம் நாளே 'அமைதி' பலகையைத் தூக்கியிருப்பேன்.

நேற்று அம்மா மாதிரிக்கு எட்டு கோஸுக்கு உப்புப் போட்டுப் பார்த்தாள். மூட்டையிலிருந்து ஒரு கிண்ணம் அள்ளினாள். பாதியைத் திரும்ப மூட்டையில் கொட்டினாள். கொஞ்ச நேரம் கிண்ணத்தையே பார்த்தாள். பிறகு இன்னும் ஒரு பிடியைத் திரும்பப் போட்டுவிட்டு, நான் பார்க்கிறேனா என்று பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் முழங்கால்களுக்குக் கர்த்தர் பெலன் தரட்டும், உங்கள் லிப்ட் ஒருநாளும் நிற்காமல் இருக்கட்டும்.

உங்கள் அன்பு மகள்,
ஹேவொன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போய்த் திரும்பவும் பிரித்துவிட்டேன். ஆலயத்துக்குள் பொய் கூடாது என்றால் கடிதத்திலும் கூடாதுதான். என் கைக்கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வருடமாக அந்த ஜெபத்தை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'மூட்டைய கவுத்தும்போதே' எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அதற்குச் சரியாகத்தான் மணியைத் தட்டினேன். சூடேற்றியை இடது பக்கம் நகர்த்தி வைத்ததும் நானே. கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.

கோரிக்கை இல்லை என்றதும் பொய். இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை கோஸுக்கு உப்புப் போடுகிறோம், நானூறு. வாருங்கள் பெரியம்மா. அம்மாவுக்குச் சொல்ல வாய் வராது, அதனால் நான் கேட்கிறேன். வந்து தண்டை வளைத்துப் பாருங்கள், கடித்துப் பாருங்கள், அத்தனை பேர் முன்னாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அம்மாவுக்கு இடது பக்கம் நின்று மட்டும் சொல்லுங்கள்.