கூர்மையார் வெங்காயம் நறுக்கிய நாள்

இந்த இனத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். வந்தவர் கூடத்தில் உட்கார மாட்டார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் நுழைந்து, இழுப்பறையைத் திறந்து, உங்கள் கத்தியை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்து, கட்டைவிரலை அதன் விளிம்புக்குக் குறுக்கே மெல்லத் தடவி, துக்கம் விசாரிக்க வந்தவர் போல ஒரு பெருமூச்சு விடுவார். "இதால எப்படிங்க நறுக்குறீங்க?" என்பார். பதினொரு வருஷமாக நீங்கள் அதால்தான் நறுக்குகிறீர்கள். இன்னும் அரை மணி நேரத்தில் அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடப்போவதும் அதால் நறுக்கியதுதான். சொல்லிப் பயனில்லை. நறுக்குவது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. கூர்தான் பொருட்டு.

இவர்களுக்குக் கூர்மையார் என்று பெயர். அறிவைக் குறித்து வைத்த பெயர் அல்ல.

நமக்குத் தெரிந்த கூர்மையார் நில அளவைத் துறையில் இருக்கிறார். மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிற வலிகளை வரிசைப்படுத்தி உள்ளே அனுப்புகிறவர். ஒரே மகள் கல்லூரியில் படிக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை இது சாதாரணக் குடும்பமாகத்தான் இருந்தது. ஒருநாள் மனைவி, "இந்தக் கத்தி சுத்தமா வெட்ட மாட்டேங்குது, கொஞ்சம் தீட்டிக் கொடுங்களேன்" என்றார். கூர்மையார் அப்போது கூர்மையார் இல்லை, வெறும் கணவர். ஒரு சாணைக்கல் வாங்கி வரலாம் என்று கடைக்குப் போனார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "எத்தனாம் நம்பர் வேணும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் விழுந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

தண்ணீரில் ஊறவைத்துத் தீட்டுகிற கற்களுக்கு நம்பர் உண்டாம். நம்பர் ஏற ஏறக் கல் நைசாகுமாம். நானூறு என்றால் முரடு, வாய் உடைந்த கத்திக்கு. ஆயிரம் அன்றாடத்துக்கு. மூவாயிரம் வழவழப்புக்கு. எட்டாயிரத்தில் தேய்த்தால் கத்தியில் முகம் பார்க்கலாம். வீட்டில் நாலு கண்ணாடி இருக்க, கத்தியில் எதற்கு முகம் பார்ப்பது என்று கேட்பவர்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. முதல் மாதம் ஒரு கல் வந்தது. அதற்குத் துணையாக இன்னொன்று. இப்போது ஏழு. ஏழும் குளியலறையில் ஒரு வாளியில் கிடக்கின்றன. கல்லிலிருந்து குமிழி வருவது நிற்கும்வரை ஊறவேண்டும் என்பதால், மகள் பல் தேய்க்கப் போனால், "தண்ணிய கலக்காத, கல்லு மூச்சு விட்டுட்டு இருக்கு" என்று வெளியிலிருந்து குரல் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு உட்காருவது போல உட்காருவார். அடியில் ஈரத்துணி, அதன் மேல் கல், கல்லின் மேல் கத்தி. கத்தியின் முதுகைப் பதினைந்து பாகை தூக்கிப் பிடிக்கவேண்டும். பதினாலும் கூடாது, பதினாறும் கூடாது. ஊர் நிலத்தையெல்லாம் அளந்த கை அல்லவா, அவருக்கு அது பெரிய காரியம் இல்லை. தேய்க்கத் தேய்க்கக் கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு சேரும். அந்தச் சேறுதான் தீட்டுகிறது, கல் சும்மா பெயருக்கு என்பார். ஒரு தடவை மகள் அழுக்கு என்று நினைத்து அதைக் கழுவிவிட்டாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. தீட்டி முடித்ததும் சோதனை. செய்தித்தாள், மகளின் பாடக்குறிப்பு, வீட்டு வரி ரசீது என்று கையில் கிடைத்ததையெல்லாம் தொங்கவிட்டு ஓசையில்லாமல் இரண்டாக்குவார். பிறகு இடது முன்கையில் முடியை மழித்துப் பார்ப்பார். மழித்து மழித்து அவருக்கு ஒரு கை தகப்பன் கை, ஒரு கை குழந்தை கை என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள்.

இவ்வளவும் ஆனபின் அந்தக் கத்தியால் என்ன செய்வார்? துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, பீரோவின் மேல் ஏற்றிவிடுவார். எலும்பு வெட்டக்கூடாது, உறைந்த கறி வெட்டக்கூடாது, எலுமிச்சம்பழம் அறுத்தால் உடனே துடைக்கவேண்டும், கழுவுதொட்டியில் போடவே கூடாது. "அப்ப அதால என்னதான் பண்றது?" என்று மனைவி ஒருநாள் கேட்டார். பண்ணும்போது சொல்கிறேன் என்றார் கூர்மையார். மனைவி கடையில் ஒரு பிளாஸ்டிக் பிடி போட்ட, விளிம்பில் ரம்பம் போலப் பல் வைத்த பல்கத்தி வாங்கிக்கொண்டு, இரண்டு வருஷம் அதில் குடும்பம் நடத்தினார்.

இந்த நிலையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பல் மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் திறக்கிறார்கள். தலைமை மருத்துவர் எப்போதோ வரவேற்பு மேசையில் இருந்த சாப்பாட்டு டப்பாவில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டவர். முப்பது பேருக்கு மதியச் சாப்பாடு நீங்களே செய்யுங்கள், நன்றாக இருந்தால் மருத்துவமனைக்குத் தினமும் உங்கள் சாப்பாடுதான் என்று சொல்லிவிட்டார். மனைவி பன்னிரண்டு வருஷமாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். வெங்காய சூப், தக்காளி சாலட், சுட்ட கோழி என்று பட்டியல் போட்டார். செய்தி கேட்ட கூர்மையாரின் முகம் மலர்ந்தது. "கத்தி என் பொறுப்பு" என்றார்.

மனைவிக்கு உள்ளுக்குள் என்னவோ உறுத்தியது. ஆனால் அன்று அவர் சந்தோஷமாக இருந்தார். சந்தோஷமாக இருக்கிறவர்கள்தானே ஏமாறுகிறார்கள்?

சனிக்கிழமை மதியம் கூர்மையார், பீரோ மேல் இருந்ததைத் தவிர, வீட்டிலுள்ள கத்திகளையெல்லாம் திரட்டினார். பல்கத்தியைக் கல்லில் தீட்ட முடியாது, தவிர அப்படியொன்று வீட்டில் இருப்பது தெரிந்தால் அவருக்கு அவமானம். குப்பை வண்டி வந்த நேரம் அதைப் போட்டுவிட்டார். மீதி நான்கு கத்திகள். கல்லை எடுத்தார். எடுத்தவருக்குச் சந்தேகம் வந்தது. கல் மட்டமாக இருக்கிறதா? இரும்பு அளவுகோலை மேலே நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். நடுவில் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தது. பென்சிலால் கல் முழுக்கக் கட்டம் போட்டு, கோடுகள் அழியும்வரை மட்டக்கல்லால் தேய்த்தார். அப்போது அடுத்த சந்தேகம் வந்தது. இந்த மட்டக்கல் மட்டமா? அதை மட்டம் பார்க்கக் கூடத்து மேசையின் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி மட்டமா என்று பார்க்க அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஓரத்தில் போய் நின்றது. மேசையை நகர்த்தினார், கால்களுக்கு அடியில் அட்டை செருகினார், தரையில் படுத்துப் பார்த்தார். பொழுது சாயும் நேரத்தில், "நம்ம வீடே வடக்குப் பக்கம் சாஞ்சிருக்கு" என்று அறிவித்தார். அதுவரை ஒரு கத்தியும் கல்லைத் தொடவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மனைவி தலையை முடிந்துகொண்டு வந்து கத்தி கேட்டார். ஐந்து கிலோ வெங்காயம் உரித்து வைத்தாயிற்று. கூர்மையார் விடிந்ததிலிருந்து தீட்டிக்கொண்டுதான் இருந்தார். ஒரு கத்தியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது அவருக்கு ஒழுங்காகப் படவில்லை. அதனால் நான்கு கத்திகளையும் முதலில் நானூறில் தேய்த்தார். பிறகு நான்கையும் ஆயிரத்தில் தேய்க்கவேண்டும். பிறகு நான்கையும் மூவாயிரத்தில்.

"இப்ப எதையும் தொடக்கூடாது," என்றார். "விளிம்புல பிசிறு நிக்குது. இரும்புத் துகள் சாப்பாட்டுல விழுந்துடும்."

"எப்ப முடியும்?"

கூர்மையார் மனதுக்குள் கணக்குப் போட்டு, நேர்மையாகச் சொன்னார். "மத்தியானம் மூணு மணி ஆகும்."

சாப்பாடு ஒரு மணிக்கு.

மனைவி நேரே அலமாரிக்குப் போனார். அதன் அடித்தட்டில், பழுப்பேறி, யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஒரு பழைய கத்தியை எடுத்தார். கணவருக்கு முன்னால் ஆறிக்கொண்டிருந்த தேநீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, அந்தப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தார். கோப்பையின் அடியில் மெருகு ஏறாத சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்குமே, அதில் கத்தியை இந்தப் பக்கம் எட்டு இழுப்பு, அந்தப் பக்கம் எட்டு இழுப்பு இழுத்து, துணியில் துடைத்து, ஒரு தக்காளியின் மேல் வைத்தார். தக்காளி மறுபேச்சில்லாமல் இரண்டாயிற்று.

கூர்மையார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வெட்டாமல் இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கமும் வந்தது.

"எந்தக் கோணத்துல பிடிச்ச?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவசரக் கோணத்துல," என்றார் மனைவி. பிறகு தக்காளியிலிருந்து கண்ணை எடுக்காமலே, பீரோ மேல் பெட்டியில் தீட்டி முடித்த கத்தி ஒன்று தூங்குகிறதே, அதை எடுத்துக்கொண்டு வந்து வெங்காயத்தை நறுக்கும்படி சொன்னார்.

பெட்டி இறங்கியது. துணி பிரிந்தது. எட்டாயிரத்தில் மெருகேறிய அந்தக் கத்தியில் கூர்மையாரின் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் கலவரம் தெரிந்தது. ஏன் என்றால், ஐயா, அவர் வாழ்நாளில் ஒரு வெங்காயம் நறுக்கியதில்லை. முழு வெங்காயத்தைப் பலகையில் வைத்தார், உருண்டது. பிடித்து வைத்தார், வழுக்கியது. கல்லில் தேய்க்கிற பழக்கத்தில் கத்தியைப் படுக்கப்போட்டு இரண்டு கையாலும் முன்னே தள்ளினார். வெங்காயம் தரையில் குதித்து அடுப்புக்கு அடியில் போயிற்று.

"அப்பா, முதல்ல ரெண்டா பொளக்கணும்," என்றாள் கோழியைக் கழுவிக்கொண்டிருந்த மகள். "தட்டையான பக்கத்தைக் கீழ வைங்க. வேர் இருக்கிற முனைய வெட்டாதீங்க, அதுதான் பிடிச்சு வைக்கும்."

வெங்காயத்துக்கு வேர்முனை உண்டு என்பது அவருக்கு அன்றுதான் தெரியும். மூன்றாவது வெங்காயத்தில் ஆள்காட்டி விரல் வெட்டுப்பட்டது. அவர் அலறவில்லை. விரலை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "பாரேன், எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்கு, எரியவே இல்ல" என்றார். மகள் கட்டுப்போட்டாள். ரத்தம் பட்டதை எறிந்துவிட்டுப் பலகையைக் கழுவி அடுத்ததை எடுக்கும்படி மனைவியிடமிருந்து உத்தரவு வந்தது.

பத்தாவது வெங்காயத்தில் கண்ணீர் கொட்டியது. இருபதாவதில் கத்தி எங்கே போகிறது என்று கை தானாகவே அறிந்தது. முப்பதைத் தாண்டியபோது கூர்மையார் விளிம்பைப் பார்ப்பதையே மறந்துவிட்டிருந்தார். சரக் சரக்கென்று ஒரு சத்தம் வந்தது, அது மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. நறுக்கியதை வாங்க மனைவி கை நீட்டியபோதுதான், அந்த இடது கைப் பெருவிரலின் கீழே நீளமான பழைய தழும்பு ஒன்று கண்ணில் பட்டது. இது எப்போது என்று கேட்டார்.

"மழுங்கின கத்தி வழுக்குனப்ப. அதனாலதான் தீட்டிக் கொடுங்கன்னேன்," என்றார் மனைவி. "நீங்க கல்லு வாங்கப் போயிட்டீங்க."

கோபமில்லாமல்தான் சொன்னார். கூர்மையார் தலையைக் குனிந்துகொண்டு மிச்ச வெங்காயத்தையும், பிறகு பாதித் தக்காளியையும் நறுக்கினார். அவர் கண்ணிலிருந்து வந்ததில் வெங்காயத்தின் பங்கு எவ்வளவு, மற்றதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் கருவி இல்லை.

ஒரு மணிக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்தது. தலைமை மருத்துவர் சூப்பை மூன்று தடவை வாங்கிக் குடித்தார். அடுத்த வாரத்திலிருந்து தினமும் வரட்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். மனைவி ஒரு ஓரமாகப் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூர்மையார் பரிமாறுகிற சாக்கில் சாலட் தட்டைச் சுற்றியே நடந்தார். தக்காளித் துண்டுகளில் பாதி அவர் கத்தி வெட்டியது. யாராவது ஒருவர் அந்த வெட்டின் வழவழப்பைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா? பெரியவர் ஒருவர் ஒரு துண்டை முள்கரண்டியில் தூக்கி உற்றுப் பார்த்தார். கூர்மையார் மூச்சைப் பிடித்துக்கொண்டு அருகில் போனார். உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார் பெரியவர்.

இப்போதெல்லாம் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கூர்மையார் இரண்டு கிலோ வெங்காயம் நறுக்குகிறார். நன்றாகவே நறுக்குகிறார், மகளே ஒப்புக்கொள்கிறாள். அப்படியானால் ஆள் திருந்திவிட்டார் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். போன வாரம், நறுக்குகிற பலகை எந்த மரத்தில் இருக்கவேண்டும், மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று ஒரு மரக்கடைக்காரரிடம் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நடைப்பயிற்சிக்கென்று வாங்கிய காலணி இன்னும் அட்டைப்பெட்டிக்குள் இருப்பது உங்கள் வீட்டில் அல்ல. நாட்குறிப்பு எழுத நல்ல பேனாவும், பேனாவுக்கு நல்ல மையும், மைக்கு ஏற்ற தாளும் தேடி முடிப்பதற்குள் வருஷம் முடிந்துபோனது உங்களுக்கு அல்ல, வேறு யாருக்கோ. சரி, அதெல்லாம் போகட்டும். பக்கத்தில் ஒரு வேலை காத்துக்கொண்டிருக்கிறது, இதை ஒரு தடவை படித்துவிட்டு உட்காரலாம் என்று நினைத்தீர்களே, அப்போதே எனக்கு உங்கள் மேல் லேசாக ஒரு சந்தேகம்.