பசைக்காரர் மெர்வின் மூன்று ஆணிகள்

எச்சரிக்கை வாசகங்கள் எல்லாம் அடுத்த வீட்டுக்காரருக்காகவே அச்சடிக்கப்படுகின்றன என்று மனதார நம்பும் ஓர் இனம் உலகில் உண்டு. பல்லராட்டில் வசிக்கும் மெர்வ் ஹாட்ரிக் அந்த இனத்தின் முன்வரிசை ஆசாமி. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் பட்டறை மேசை, சுவரில் மூன்று ஆணிகள். ஒன்றில் உறை பிரிக்காத கையுறை, அடுத்ததில் விலைச்சீட்டு தொங்கும் பாதுகாப்புக் கண்ணாடி, மூன்றாவதில் பசை நெடிக்கென்றே வாங்கிய முகமூடி. வாங்கி மாட்டியாயிற்று. இனி ஆபத்து எந்த முகத்தோடு உள்ளே வரும்?

பக்கத்து வீட்டு லொரெய்ன் குளியலறைக்கு ஓடு ஒட்டியபோது வேலிக்கு மேலே தலையை நீட்டி, ஜன்னலைத் திற, கையில் படவிடாதே, டப்பாவின் பின்பக்கத்தைப் படி என்று அரைமணி நேரம் உபதேசித்தவரும் இவரே. இவர் படித்திருக்கிறாரா? முப்பது வருஷமாக ஒட்டுகிறவருக்குப் படிப்பு எதற்கு!

அந்த ஊருக்கு ஜூலைதான் நடுக்குளிர்காலம்; ஒரு சனிக்கிழமை, எலும்பைத் துளைக்கும் குளிர். சமையலறை மேடைக்கான பலகையிலும் அதன்மேல் ஒட்டவேண்டிய தகட்டிலும் வெறுங்கையால் பசையை வழித்துத் தடவியிருந்தார். குளிரில் அது சீக்கிரம் காயவில்லை. சுருள்கதவை இழுத்துச் சாத்தினார். எளிதில் தீப்பிடிக்கும் பசையின் ஆவி கொட்டகை முழுக்க நிரம்ப, தலை லேசாகச் சுற்ற, கேஸ் கணப்பைப் பற்றவைக்க லைட்டரை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து தேநீரோடு வந்த மனைவி டெஸ்லி, நெடி பட்டதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவை முழுசாக மேலே ஏற்றினாள்.

"கதவச் சாத்து டெஸ். பசை காயணும்."

"காயாட்டி போகட்டும். லைட்டர குடு."

"முப்பது வருஷமா இப்படித்தான் பண்றேன்."

"நாப்பத்தோரு வருஷமா உன்கூட குப்பை கொட்டியாச்சு மெர்வ். மிச்சத்தையும் கொட்டணும்னு ஆசையா இருக்கு. குடு."

அவள் கையை நீட்டினாள். அந்தக் கணக்கு மெர்வுக்கும் உறைத்தது. கொடுக்க மனம் வந்துவிட்டது, விரல்தான் விடவில்லை. பசையோடு ஒட்டிக்கொண்ட லைட்டரைக் கொஞ்சம் தோலோடு சேர்த்துத்தான் அவள் பிரித்தெடுத்தாள்.

மறுநாள் வேலியோரம் லொரெய்னிடம் மெர்வ் குரலைத் தாழ்த்தினார்.

"கொட்டகையில நேத்து பெரிய விபத்து ஆகியிருக்கும். நல்லவேளை, நான் பக்கத்துலயே இருந்தேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே உங்கள் மேசை இழுப்பறையில் கிடக்கும் பசைக் குழாயையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். அதன் மூடியில் பதிந்திருக்கும் பல்தடம் யாருடையது?