துருவாசர் குளிப்பாட்டிய சைலன்சர்

அன்று ஐந்தருவியில் ஆண்கள் குளிக்கும் பக்கம் இருந்தவர்கள்: நான், துருவாசர் அண்ணாச்சி, ஊதலும் கையுமாக ஒரு போலீஸ்காரர், ஆலங்குளத்திலிருந்து வந்திருந்த அண்ணன் தம்பிகள் மூன்று பேர். விடிந்தும் விடியாத நேரமாதலால் அவ்வளவுதான் கூட்டம். இவர்களைத் தவிர, துண்டில் சுற்றி அண்ணாச்சியின் தோளில் சாய்ந்திருந்த ஒரு சைலன்சர்.

ஆன்லைனில் வாங்கிய வண்டிச் சாமானைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டிய மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான் இருக்க முடியும். தென்காசியில் குற்றாலம் ரோட்டில் அவருக்கு ஒரு வெல்டிங் பட்டறை. துருவைக் கண்டால் சாபம் கொடுக்கிற அளவுக்குக் கோபம் வரும், அதனால் துருவாசர். சொந்தப் பெயர் பட்டறை போர்டில் இருந்ததாம். அந்த இடத்தைத் துரு தின்றுவிட்டது என்பார்கள். அவர் இல்லாதபோதுதான் சொல்வார்கள்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில், உள்ளே நுழைவதற்கு முன்பே இரும்பு கேட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தவர் அவர். "மேல பெயிண்டு பளபளன்னு இருக்கு, உள்ள பூரா துரு. மாப்பிள்ளைய மட்டும் எப்படி நம்புதது?" என்று வாசலோடு திரும்பிவிட்டார். அந்த மாப்பிள்ளை இப்போது ஏதோ ஒரு பேங்கில் மேனேஜர். "கேட்டை மாத்திட்டானான்னு கேளு" என்பார்.

என் சங்கதிக்கு வருகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பு. பயம் எனக்குப் பிறவியிலேயே வந்தது. வீட்டைப் பூட்டினேனா என்று பாவூர்சத்திரத்தில் சந்தேகம் வந்து, சவாரியோடு தென்காசிக்கே திரும்பி வந்தவன். அப்படிப்பட்ட நான், வாழ்க்கையில் ஒரே ஒரு தைரியம் செய்தேன். பழைய ஜீப் ஒன்றை வாங்கி, கூரையைக் கழற்றி, இஞ்சின் வெளியே தெரிகிற மாதிரி ஆக்கி, கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வாடகைக்கு விடலாம் என்று இறங்கினேன். மனைவியின் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. முதல் புக்கிங் ஞாயிற்றுக்கிழமை. சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில். அது சொதப்பினால் அடுத்த புக்கிங் வராது, வளையலும் வராது.

வண்டிக்குப் பக்கவாட்டில் வைக்கிற பளபளப்பான பெரிய சைலன்சர் ஒன்று போனில் கண்ணில் பட்டது. துருவாசரிடம் காட்டினேன்.

"பேரு என்ன போட்டிருக்கான்?"

"ஹாட் ராட் சைலன்சர், அண்ணாச்சி."

"ஹாட் ராடா? வாளிக்குள்ள போட்டு வெந்நி வைப்பமே, அதா?"

"இல்ல அண்ணாச்சி. பழைய வண்டிய வேகமாவும் அழகாவும் பண்ணுனா வெளிநாட்டுல அப்படிச் சொல்லுவாங்களாம்."

"அழகு இருக்கட்டும். வெயிட்டு போட்டிருக்கானா? இல்ல. வெல்டிங் தெரியுத மாதிரி ஒரு படமாவது இருக்கா? எல்லாப் படத்துலயும் பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி நிக்குத மாதிரி ஒரு பக்கமாவே திரும்பி நிக்கி. ஆயுள் முழுக்க உத்தரவாதமாம். யாரு ஆயுளு?"

நான் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னேன். அவர் கொடுத்த சாபத்தை இங்கே எழுத முடியாது.

திங்கட்கிழமை பார்சல் வந்தது. காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல ஸ்டெயின்லெஸ் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"மட்ட ரகத்துலயும்தாம்லே காந்தம் ஒட்டாது. காந்தத்தையே ஏமாத்தக் கத்துக்கிட்டானுவோ. நாளைக்குக் காலைல இவனைக் குளிப்பாட்டணும்."

"அண்ணாச்சி, உபயோகிச்சிட்டா திருப்பி எடுக்க மாட்டேன்னு போட்டிருக்கு..."

"புகை விட்டாத்தான் உபயோகம். குளிச்சா எப்படி உபயோகமாவும்? நீ புதுச் சட்டைய நனைச்சுப் போடுததில்லையா?"

"வீட்டுக் குழாய்லயே நனைக்கலாமே?"

"குழாய்த் தண்ணி தடவிக் குடுக்கும்லே. அருவிதான் அடிச்சுக் கேக்கும்."

இப்படியாகத்தான் ஐந்தருவிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆலங்குளத்து மூத்தவர் பதறிப்போய் வழிவிட்டார். "ஐயா, பச்சப்பிள்ளையவா அருவிக்குள்ள கொண்டு போறிய? மூச்சு முட்டிரும்யா!" அந்த நேரம் பார்த்துத் துண்டு நழுவியது. இளையவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பிள்ளைக்கு வாய் இம்புட்டுப் பெரிசா இருக்கு" என்றார்.

ஊதல் பறந்தது. "ஏய், அங்கன என்ன? சோப்பா, ஷாம்பா?"

"சைலன்சர் சார்" என்றார் துருவாசர், கூச்சமே இல்லாமல்.

"அதையெல்லாம் இங்கன கொண்டாரக் கூடாது."

"எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் கூடாதுன்னு போர்டுல போட்டிருக்கிய. சைலன்சர் கூடாதுன்னு எங்க சார் இருக்கு? இதுல ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. புதுசு."

போலீஸ்காரர் போர்டைப் பார்த்தார். சைலன்சரைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். என் முகத்தில் இருந்த பயம் அவரை என்னவோ செய்திருக்க வேண்டும். "எவ்வளவு நேரம் ஆவும்?"

"அரை மணி நேரம்."

"சரி, முடிச்சிட்டுத் துவட்டி விட்ருங்க. சளி பிடிச்சிரும்."

குளித்து வந்த சைலன்சரை உப்புத் தண்ணீரில் நனைத்த சாக்கில் சுற்றி வைத்தார் துருவாசர். புதன்கிழமை காலையில் பிரித்தோம். வெல்டிங் வைத்த இடமெல்லாம் செம்மண் தடவியது போல இருந்தது. அவருக்குத் தான் சொன்னது பலித்த சந்தோஷம். எனக்கு அடகுக் கடை வளையல்தான் ஞாபகம் வந்தது.

"அழாதலே. போனை எடு. திருப்பி எடுக்கச் சொல்லிப் போட்டுட்டு, விமர்சனத்துல நடந்ததை நடந்தபடி எழுது. குளிச்சதையும் எழுது."

எழுதினேன். 'அறுவியில குளிச்சதும் துறு புடிச்சிருச்சு.' அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "துரு தப்பா இருக்கு. அருவியும் தப்பா இருக்கு" என்றார். எனக்கு முகம் சுருங்கியது. "திருத்திருதேன் அண்ணாச்சி."

"தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன்! அதுதாம்லே உண்மை. காசு வாங்கிட்டு எழுதுதவன் ஒரு எழுத்து தப்பு விட மாட்டான். சாமான் வாங்கி வயிறு எரிஞ்சவனுக்கும், வாங்கி மனசு நிறைஞ்சவனுக்கும்தான் எழுத்து தடுமாறும்."

பள்ளிக்கூடத்தை விட்டு இத்தனை வருஷத்தில் என் எழுத்தை ஒருவர் பாராட்டியது அன்றைக்குத்தான்.

திருப்பி எடுக்க வந்த பார்சல்காரர் போனைத் தட்டிக் காரணம் தேடினார். உடைசல், அளவு சரியில்லை, தேவையில்லை. குளித்தது என்று ஒரு காரணம் அதில் இல்லை. 'படத்தில் உள்ளதுபோல் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தார். அதுவும் உண்மைதானே. பணம் திரும்பி வந்ததை, வரும்வரை நான் நம்பவில்லை.

அதற்கு முன்பே வேறொரு சைலன்சருக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது. துருவாசர் ஒரு முழு மதியம் உட்கார்ந்து விமர்சனங்களைப் படித்துத் தேர்ந்தெடுத்தது. 'ரெம்ப நள்ளா இருக்கு, ரெண்டு மலைக்கு தாங்குச்சு' என்று யாரோ எழுதியிருந்தார்கள். "ரெண்டு மழை! இவன் நம்ம ஆளு" என்றார்.

அது ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் வந்தது. நாலு மணிக்குத் தோட்டத்தில் நிற்க வேண்டும். அருவிக்கும் நேரமில்லை, சாக்குக்கும் நேரமில்லை. துருவாசர் அதைத் தட்டினார், கையில் தூக்கிப் பார்த்தார், வெல்டிங்கை விரலால் தடவினார், ஜீப்பில் மாட்டினார். பிறகு வண்டியில் அவரும் ஏறிக்கொண்டார். குளிக்காத சாமானை நம்பித் தனியாக அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை.

சூரியகாந்திப் பூக்களுக்கு நடுவில் ஜீப் நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறி உட்கார்ந்தார்கள். நாலு படம் எடுத்திருப்பார்கள். மலைப்பக்கமிருந்து சாரல் இறங்கியது. எனக்கு உயிர் போயிற்று. கேமராக்காரரோ, "யாரும் இறங்காதீங்க! இந்த மழையிலதான் படம் அள்ளும்" என்று குதித்தார். பெண்ணும் சிரித்துக்கொண்டே நனைந்தாள்.

துருவாசரைத் தேடினேன். ஜீப்புக்குப் பக்கத்தில் சேற்றில் குத்தவைத்திருந்தார். யாருடைய குடையையோ வாங்கி விரித்துப் பிடித்திருந்தார், சைலன்சருக்கு மேலே. அவர் முதுகில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"பெரியவரே, படத்துல விழுறீங்க" என்று கேமராக்காரர் கத்தினார். இவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார், குடை நகரவில்லை.

நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அண்ணாச்சி, நனைஞ்சாத்தானே நல்லதா கெட்டதான்னு தெரியும்?"

"தெரியும்லே" என்றார், என் பக்கம் திரும்பாமல். "இன்னைக்குத் தெரிய வேண்டாம்."

அந்த ஆல்பத்தில் நல்ல படங்கள் நிறைய வந்தன; அடுத்த மாதத்துக்கு இரண்டு புக்கிங்கும் கிடைத்தன. மழையில் எடுத்த பெரிய படத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு கறுப்புக் குடையும் நனைந்த முதுகும் இருந்தன. அதை வெட்டிவிடட்டுமா என்று கேமராக்காரர் கேட்டார். வேண்டவே வேண்டாம், எனக்கும் அதில் ஒரு பிரதி வேண்டும் என்றேன்.