லோரெடானா தனியாகப் போகிறாள்

"நான் என்ன செத்தா போயிட்டேன்? பொலோன்யாவுல எனக்கு வீடு இருக்கா இல்லையா? நீ ஓட்டல்ல தங்குவியா?"

தொலைபேசியில் கத்தியது ஓர்னெல்லா, லோரெடானாவின் பெரியப்பா மகள். லோரெடானா காப்பிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கப் போனவள், கையைச் சுட்டுக்கொண்டாள்.

"உனக்கு யார்க்கா சொன்னது?"

"ரோக்கோ சொன்னான்."

லோரெடானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோக்கோ அவளுடைய சித்தப்பா மகன், சலெர்னோவில் இருக்கிறான். ரயில்வேயில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் ஆயிற்றே என்று முந்தின நாள் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: சலெர்னோவிலிருந்து லெச்சேக்குப் போனால் எங்கே வண்டி மாற வேண்டும்? அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. ஆனால் லோரெடானா தனியாக ஊர் சுற்றப் போகிறாள் என்ற செய்தி மட்டும் ஒரே ராத்திரியில் குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது.

"தனியா போறியாமே? யார் உன்னை என்ன சொன்னாங்க? உடம்புக்கு ஏதாவது…"

"ஒண்ணும் இல்லைக்கா. சும்மா போறேன்."

"சும்மா யாராவது தனியா போவாங்களா?"

எங்கள் ஊர்ப் பக்கம் இதுதான் தொல்லை. ஒரு பெண் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தால்கூடப் போனால் போகிறது என்று விட்டுவிடுவார்கள். உணவகத்தில் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்து பாஸ்தா தின்றால், யாரோ செத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

லோரெடானாவுக்கு ஐம்பத்து நாலு வயது. தூரின் நகராட்சியில், பிறப்பு இறப்புச் சான்றிதழ் தரும் கவுண்டரில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் பிள்ளைகுட்டிக்காரர்கள் முதலில் லீவு எழுதிக்கொள்வார்கள். "உனக்கென்ன, பிள்ளையா குட்டியா, நீ பார்த்துக்க மாட்டியா?" என்று துண்டும் நீச்சலுடையுமாகக் கடலுக்குக் கிளம்பிவிடுவார்கள். இருபத்தாறு ஆகஸ்ட்! புழுங்கும் கட்டடத்தில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே, இவள் பார்த்துக்கொண்டாள்.

இந்த வருஷம் ஜனவரி இரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு, மேலதிகாரி மேல்கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் லீவு விண்ணப்பத்தை நீட்டிவிட்டாள். பதினோரு நாள். தூரின், பொலோன்யா, ரோம், சலெர்னோ, லெச்சே. எல்லாம் ரயில். எல்லா ரயிலிலும் ஜன்னல் ஓர இருக்கை, எல்லா ஊரிலும் ஒற்றைக் கட்டில் அறை. பதினோரு நாள் அவளை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. அவள் வேண்டியது அவ்வளவுதான்.

"வீடு முழுக்க உனக்குத்தான்," என்றாள் ஓர்னெல்லா. "பெரிய கட்டில்ல புது விரிப்பு போட்டுடறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன் கேளு, நாங்க…"

"ஒண்ணும் சொல்லாதே! ஓட்டலுக்குச் சொல்லியாச்சு."

"எந்த ஓட்டல்?"

கோபத்தில் லோரெடானா பெயரைச் சொல்லிவிட்டாள். அரை மணி நேரத்தில் அந்த ஓட்டல்காரர் கூப்பிட்டார்.

"உங்க அறையை ரத்து பண்ணிட்டோம்மா."

"நான் சொல்லவே இல்லையே!"

"உங்க அக்கா சொன்னாங்க. நானும் அவங்களும் ஒரே நடன வகுப்பு. குடும்ப விஷயத்துல நாங்க தலையிட முடியுமா?"

"தலையிட்டுத்தானே இருக்கீங்க! அறையைத் திருப்பிக் குடுங்க!"

"ஒரு ஜெர்மன் தம்பதி எடுத்துட்டாங்களே. ரொம்ப நல்ல மனுஷங்க."

அந்த ஜெர்மன் தம்பதி நல்லவர்களா கெட்டவர்களா என்பதா பிரச்சினை? லோரெடானா போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள். பொலோன்யாவே வேண்டாம். நேராக ரோம். அங்கே இரண்டு நாள் கூடுதலாக இருந்துவிட்டால் போயிற்று. டிக்கெட்டை மாற்றி, ரோம் ஓட்டலில் நாளைக் கூட்டி, ஓர்னெல்லாவுக்கு "உங்க ஊருக்கே வரல" என்று செய்தி அனுப்பினாள்.

ஓர்னெல்லா அழுதாள். அழுதுகொண்டே ரோமுக்குப் போன் போட்டாள்.

"என் தங்கமே!" என்று அடுத்த நிமிஷமே லோரெடானாவைக் கூப்பிட்டாள் ரோமில் இருக்கும் இம்மகொலாத்தா அத்தை. "ஓர்னெல்லாவை வெட்டிட்டு எனக்கு ரெண்டு நாள் கூடக் குடுத்திருக்கியாமே! அவளுக்கு நல்லா வேணும். போன கிறிஸ்துமஸுக்கு எனக்கு என்ன அனுப்பினா தெரியுமா? சோப்பு!"

"அத்தை, நான் உங்க வீட்ல தங்கறதா சொல்லவே இல்லை."

"மூணு அறையும் காலியாத்தானே கிடக்கு? நீ வந்தா நானும் மாமாவும்…"

"நான் தனியா வரலை!"

லோரெடானா இதை யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அந்தப் பக்கம் நாலு நொடி சத்தமே இல்லை. அத்தை போனில் நாலு நொடி சும்மா இருந்ததாகக் குடும்ப வரலாற்றிலேயே கிடையாது.

"ஆம்பளையா?"

"ஐயோ, இல்லை!"

"வெட்கப்படாதே. ஐம்பத்து நாலெல்லாம் ஒரு வயசா?"

"ஆம்பளை இல்லை அத்தை. ஆபீஸ்ல பக்கத்து கவுண்டர் பவுட்டாஸோ அம்மா. அவங்களுக்கு அடுத்தவங்க வீட்ல தூக்கம் வராது. அதனாலதான் ஓட்டல்."

நல்ல பொய். சின்னது, சுத்தமானது. பொய் சொல்லிப் பழகாதவர்கள் செய்கிற தப்பு ஒன்றுதான், உயிரோடு இருக்கிற ஆளின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அன்று ராத்திரி லோரெடானா நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு, கவுண்டரில் கூட்டம் நெரியும்போது, பக்கத்து கவுண்டர் தொலைபேசி அடித்தது. பவுட்டாஸோ அம்மா எடுத்தார். அறுபதை நெருங்கும் பெண்மணி. எந்நேரமும் கழுத்தில் ஒரு துணி. எங்கிருந்தாவது காற்று வந்து கழுத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். பேசத் தொடங்கினால் மூச்சு விடுவதற்குக்கூட நிறுத்த மாட்டார். அப்படிப்பட்டவர் அன்று பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்தபோது கண் கலங்கியிருந்தது.

"உங்க அத்தை ரோம்ல இருந்து பேசினாங்க," என்றார். "எனக்கு என்ன பிடிக்கும்னு கேட்டாங்க. வாங்கி ஃபிரிட்ஜ்ல வெச்சிடறாங்களாம். அடுத்தவங்க வீடுன்னு கூச்சப்பட வேண்டாமாம்."

"அதாவது, நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"இருபத்திரண்டு வருஷம், லோரெடானா! பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கோம். ஒரு காப்பிக்குக்கூட நீங்க என்னைக் கூப்பிட்டதில்லை. என்னை உங்களுக்குப் பிடிக்காதுன்னே நினைச்சிட்டிருந்தேன். கடைசியில எனக்குத் தெரியாம இப்படி ஒரு ஏற்பாடு! என்னை யாரும் எங்கேயும் கூட்டிட்டுப் போனதில்லை, தெரியுமா?"

மகளின் பிறப்புச் சான்றிதழுக்காக வரிசையில் நின்ற ஒருவர் கைதட்டினார். பின்னாலிருந்தவர்களும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே "இல்லை, அது பொய்" என்று எந்த மனுஷி சொல்வாள்? லோரெடானா சிரித்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று.

மத்தியானம் அவள் கொஞ்சம் பயமுறுத்திப் பார்த்தாள்.

"ரொம்ப நடக்கணும்மா. ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர். கொளுத்தற வெயில்ல."

"என் டாக்டரும் அதையேதான் சொல்றார்!"

"ரயில்ல ஜன்னலைத் திறந்து வெச்சிருப்பாங்க. காத்து அடிக்கும்."

"ரெண்டு துணி கட்டிக்கறேன்."

ஒரே ஒரு வழிதான் பாக்கி. இரண்டு கவுண்டரும் ஒரே நேரத்தில் காலியாக இருக்கக் கூடாது என்பது அந்த அலுவலகத்தின் இரும்புச் சட்டம். பவுட்டாஸோ அம்மாவுக்கு லீவு கிடைக்காது. கிடைக்காமல் இருப்பதை உறுதி செய்துகொள்ள லோரெடானா மேலதிகாரி ட்ஸனெல்லாட்டோவின் அறைக்குப் போனாள். தன்னை நினைத்தே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் போனாள்.

"சார், பவுட்டாஸோ அம்மா லீவு கேட்டிருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே சமயத்துல போனா…"

"போதும், லோரெடானா." அவர் கையை உயர்த்தினார். "வரிசையில நடந்ததைக் கேள்விப்பட்டேன். தோழிக்காகப் பரிஞ்சு பேச வந்திருக்கீங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனசா!"

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"சார், கவுண்டர்?"

"கவுண்டரா? ஆகஸ்ட்ல தூரின்ல யார் இருக்கா சான்றிதழ் கேட்டு வர? புறாகூட இருக்காது. பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

லோரெடானாவுக்குக் காது சூடாகிவிட்டது.

"அப்ப இருபத்தாறு வருஷமா என்னை எதுக்கு உட்கார வெச்சீங்க?"

"நீங்க கேட்கவே இல்லையே அம்மா," என்றார் அவர். உண்மையாகவே ஆச்சரியப்பட்ட முகம். அந்த முகத்தில் மைக்கூட்டை எடுத்து எறியலாம் போல இருந்தது அவளுக்கு. எறியவில்லை. கதவை மட்டும் அறைந்து சாத்தினாள்.

அடுத்த வாரம் பவுட்டாஸோ அம்மா ஓர் உறையோடு வந்தார். ரயில் நேரம் சரிபார்க்கிறேன் என்று லோரெடானாவின் டிக்கெட்டுகளை வாங்கிப் போயிருந்தவர்தான்.

"நாலு பேரா போனா சலுகை இருக்காம். எதிரெதிரா நாலு இருக்கை, நடுவுல மேசை. அதான் என் தங்கச்சிங்களையும் சேர்த்துட்டேன்."

"எத்தனை தங்கச்சி?" என்று லோரெடானா கேட்ட குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ரெண்டு. ஜெர்மானா, ஐரிஸ். தங்கமானவங்க. ஜன்னல் ஓரம் மட்டும் ஐரிஸுக்கு விட்டுடுங்க, அவளுக்குத் தலை சுத்தும். ஓட்டல்களுக்கும் பேசிட்டேன். கூட்ட நேரமாம், தனித்தனியா இல்லை. நாலு கட்டில் போட்ட அறை ஒண்ணு தர்றாங்களாம். ராத்திரி விளக்கை அணைச்சிட்டுப் பேசிக்கிட்டே இருக்கலாம்!"

அன்று சாயங்காலம் லோரெடானா கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பெட்டியில் மேலாக ஒரு புத்தகம் வைத்திருந்தாள். அதை எடுத்து அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டாள். அப்போது அத்தை கூப்பிட்டாள்.

"எத்தனை மணிக்கு வர்றீங்க ரெண்டு பேரும்?"

"ரெண்டு பேர் இல்லை அத்தை, நாலு பேர்!" லோரெடானா வெடித்தாள். "நாலு பொம்பளைங்க! நாலு பெட்டி! உங்க வீட்ல கொள்ளாது!"

"நாலா?" அத்தை யோசித்தாள். "அப்படின்னா வேண்டாம்மா. நாலு பேர் குளிச்சா குழாய் தாங்குமான்னு மாமா கவலைப்படுவார். ஓட்டல்லயே தங்கிக்கோங்க. ஓர்னெல்லாகிட்டயும் ரோக்கோகிட்டயும் நானே சொல்லிடறேன், இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு."

லோரெடானா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வாரத்தில் அவள் கேட்ட ஒரே நல்ல வார்த்தை இது. எல்லாம் போனாலும் சொந்தக்காரர்களிடமிருந்தாவது தப்பித்துவிட்டாள். ரோம் நகரத்தில் உட்கார்ந்து, இம்மகொலாத்தா அத்தையின் சமையலுக்கு நடுவே, ஓர்னெல்லாவின் கிறிஸ்துமஸ் சோப்பைப் பற்றி நாலு நாள் கேட்க வேண்டாம்.

கிளம்பும் நாள் காலை தூரினின் போர்ட்டா நுவோவா ரயில் நிலையத்தில் பவுட்டாஸோ சகோதரிகள் ஒரு மணி நேரம் முன்னதாகவே நின்றார்கள். வண்டி நகர்வதற்குள் மேசையில் வேகவைத்த முட்டை, நெத்திலி வைத்த குடமிளகாய், கன்றிறைச்சித் துண்டுகள் எல்லாம் வந்துவிட்டன. ஐரிஸ் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். வெளியே பார்த்தால் தலை சுற்றுமாம்.

"சரியான ஆளோட வந்திருக்கோம்," என்று ஜெர்மானா பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தாள். "எங்க அம்மாவோட கல்யாணச் சான்றிதழ் தொலைஞ்சு போச்சு. நகல் வாங்க யார்கிட்ட, எப்படி எழுதணும்? அவசரமில்லை. பதினோரு நாள் இருக்கே, நிதானமா சொல்லுங்க."

லோரெடானா வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. அத்தையின் எண். பேசியது கஸ்பாரே மாமா. அத்தை இருக்கும் இடத்தில் அவர் கைக்குப் போன் வருவது அபூர்வம்.

"அத்தை காப்பி வாங்கப் போயிருக்காம்மா. நீ நல்லபடியா கிளம்பிட்டியான்னு கேட்கத்தான்."

"கிளம்பிட்டேன் மாமா. நீங்க எங்க இருக்கீங்க? ஒரே வண்டிச் சத்தமா இருக்கு."

"நெடுஞ்சாலையிலம்மா. கலாப்ரியாவுக்கு, கடலுக்குப் போயிட்டிருக்கோம். ஓர்னெல்லா குடும்பம் பின்னாடி வண்டியில வருது. ரோக்கோவைச் சலெர்னோவுல ஏத்திக்கணும். மாசம் முடியற வரைக்கும் எல்லாரும் அங்கதான்."

லோரெடானா எழுந்து நின்றாள். மடியிலிருந்த முட்டை உருண்டு ஓடியது.

"மாமா, அப்ப நான் உங்க வீட்ல தங்க வந்திருந்தா, வீட்ல யார் இருந்திருப்பாங்க?"

"யாரு இருப்பா? ஆகஸ்ட்ல எவன்மா வீட்ல இருப்பான்? நீ தனியா இருக்க ஆசைப்படறேன்னு ரோக்கோ சொன்னதால, மூணு ஊர்லயும் வீட்டைக் காலி பண்ணி, சாவியை உனக்காகக் கீழ்வீட்ல குடுத்து வெச்சிருந்தோம். அப்புறம்தானே புரிஞ்சுது, கூட நாலு பேர் இல்லாம உனக்கு இருக்கவே முடியாதுன்னு!"